கட்டாமல் விட்ட நீலக்கோடு

போன கிழமை ஒரு பிள்ளை டெலிபோன் எடுத்து என்னைப் பிழை பிடித்தது. நான் ஓய்வு பெற்று, கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருக்கிற ஆள். என்னைப் பிழை பிடிக்க வீட்டில் மனைவி ஒருத்தி போதும். ஆனாலும் தொழில் விஷயத்தில் ஒருவர் பிழை பிடித்துக் கனகாலம் ஆகிவிட்டதால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிள்ளையின் பெயர் கோபிகா. வாழைச்சேனையில் நான் வேலை செய்த, படகு கட்டுகிற போட் யார்ட்டில் இப்போது படம் கீறுகிறவள். பழைய படங்களை எல்லாம் புதிய மென்பொருளுக்கு மாற்றுகிறார்களாம்.

"அங்கிள், உங்கட படம் ஒவ்வொண்டிலயும் ஒரு கோடு நீலமாவே நிக்குது. மத்ததெல்லாம் கறுப்பு. புது சொப்ட்வெயார் ஒவ்வொரு பைலுக்கும் எச்சரிக்கை போட்டுக்கொண்டே இரிக்கு. மறந்து விட்டீங்களா, தெரியாம விட்டீங்களா?"

தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டே வழிதான் தந்தாள். ஒன்றில் மறதிக்காரன், இல்லாவிட்டால் விபரங்கெட்டவன். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, எழுதி அனுப்புகிறேன் மகள் என்று சொல்லிவிட்டு, கோழியை மறந்து எழுத உட்கார்ந்தேன்.

படம் கீறாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒரு சின்ன விளக்கம். ஒரு போட்டின் குறுக்குவெட்டைக் கொம்பியூட்டரில் கீறினால் கோடுகள் முதலில் நீலமாக இருக்கும். நீலம் என்றால் அவிழ்த்துவிட்ட மாடு. மவுசால் பிடித்து இழுத்தால் இழுத்த பக்கம் வரும். பிறகு ஒவ்வொன்றாகக் கட்டவேண்டும். இந்தக் கோடு நிமிர்ந்து நிற்கவேண்டும், இந்தப் புள்ளி நடுக்கோட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும், இந்த வளைவு அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டு போகவேண்டும். எல்லாக் கட்டும் விழுந்தால் கோடு கறுக்கும். கறுத்தால் அசையாது. ஆசைப்பட்டு ஒரு கட்டுக் கூடப் போட்டால் சிவந்து கத்தும். உன்னிச்சையில் வயல் செய்த என் மாமனார் மாட்டைக் கட்டும்போது சொல்லுவார்: "கட்டுக் குறைஞ்சா மாடு ஓடும், கட்டுக் கூடினா மாடு சாகும்." அந்த மென்பொருளைச் செய்தவர்கள் இதைச் சொல்லத் தடித்த ஒரு கைநூல் எழுதியிருந்தார்கள்.

நான் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் அல்ல. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவேன், வள்ளங்களின் மூக்கில் பெயர் எழுதுவேன். சுனாமியில் கடல் வந்து கரையில் கிடந்த வள்ளங்களைக் கொண்டுபோன பிறகு, பெயர் இருந்தது, எழுத வள்ளம் இல்லை. அந்த நேரத்தில் ஆற்றோரமாக ஒரு பைபர் போட் யார்ட் தொடங்கினார்கள். வாசலுக்குப் பலகை எழுதக் கேட்டுப் போனேன். "கீறத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "நல்லாத் தெரியும்" என்றேன். அவர்கள் கேட்டது கொம்பியூட்டரில் கீற. நான் சொன்னது பிறஷால் கீற. அறைக்குள் கொண்டுபோய்ப் பெட்டிக்கு முன்னால் இருத்தியபோதுதான் எனக்கு விளங்கியது. வீட்டில் அரிசி இல்லாததால், விளங்கியதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு குறுந்தட்டு, ஒரு ஆங்கில அகராதி, ஒரு மாரி காலம். என் படிப்பு அவ்வளவுதான்.

யார்ட்டின் மேலாளர் பூபாலபிள்ளை ஐயா. ஆயுளில் பாதியைக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கழித்தவர். அந்தச் சத்தத்துக்குள் இருந்து அலுத்ததாலோ என்னவோ, குரலை உயர்த்தியதே இல்லை. கோபம், சந்தோஷம் எல்லாவற்றுக்கும் அவரிடம் "நல்லது" என்ற ஒரு சொல்தான் இருந்தது. சட்டென்று சொன்னால் வேலை சரி. இழுத்துச் சொன்னால் எங்கேயோ பிழை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னால், நாங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது நல்லது.

இன்னொரு குணமும் அவருக்கு இருந்தது. கேட்டால் எதையும் சொல்லுவார். கேட்காவிட்டால், நீங்கள் கிணற்றை நோக்கி நடந்து போனாலும் பார்த்துக்கொண்டு நிற்பார். "கேளாம குடுத்த பதில் காதில நிக்காது, தம்பி" என்பார்.

யார்ட்டில் மின்விசிறி சுழல்கிற ஒரே அறை கொம்பியூட்டருக்குத்தான். கரண்ட் போனால் முதல் ஜெனரேட்டர் அதற்குத்தான். அதனால் ஐயா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார். காலையில் கதவுக்கு வெளியே நின்று "மாப்பிள்ள ஒழும்பிட்டாரா?" என்று கேட்பார். உள்ளே வரமாட்டார். மாப்பிள்ளையின் அறைக்குள் மாமனார் போகக்கூடாதாம்.

கதிரவெளிப் பக்கத்து மீனவர்களுக்கு போட் கொடுக்க ஒரு உதவி நிறுவனம் முன்வந்து எங்களிடம் ஒப்பந்தம் தந்தது. முதல் போட் ஆருக்கு என்று ஊரில் சீட்டுக் குலுக்கினார்கள். விழுந்தது யோகன் என்பவனுக்கு. அவனுடைய மனைவி தங்கேஸ்வரி எங்கள் யார்ட்டிலேயே வேலை செய்தாள். பிள்ளைகள் இரண்டையும் கதிரவெளியில் மாமியாரிடம் விட்டுவிட்டு, வாழைச்சேனையில் தமக்கை வீட்டில் நின்று வேலைக்கு வந்தவள். நாங்கள் தங்கேஸ் என்போம். அவள் என்னைக் கீறல் அண்ணன் என்பாள்.

பைபர் போட் கட்டுவதென்றால் முதலில் ஒரு தாய் அச்சு வேண்டும். ஓடாவிமார், அதாவது வள்ளம் கட்டுகிற தச்சர்கள், பலகையால் போட்டின் முழு உருவத்தையும் கட்டுவார்கள். அதன்மேல் பட்டி பூசி, தண்ணீர் தொட்டு உரசி உரசி, முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கவேண்டும். அந்தத் தாயின்மேல் அச்சு எடுத்தால், பிறகு அச்சுக்குள்ளிருந்து போட்டுகள் பிறந்துகொண்டே இருக்கும். தாயில் ஒரு தழும்பு இருந்தால் பிள்ளைகள் எல்லாவற்றிலும் அது இருக்கும். அந்தப் பட்டி வேலைக்குத் தலைவி தங்கேஸ். அவளுடைய கையும் ஓயாது, வாயும் ஓயாது.

"அண்ணன் பேன் காத்தில குந்தி இரிந்து கீறுறார். நாங்க வெயிலில நிண்டு உரசுறம். ரெண்டு பேருக்கும் கை நோகுதாம், கடவுளே!"

அந்த நேரம் கரையெல்லாம் அவசரத்தில் கட்டிக் கொடுத்த போட்டுகள் இரண்டாம் மாதமே வெடித்துப்போன கதைகள் நிறைய. அதனால் நிறுவனத்தின் வெள்ளைக்கார எஞ்சினியர் ஒரு நிபந்தனை போட்டார். தாய் அச்சை அளந்து கொம்பியூட்டரில் ஏற்றி, மேற்பரப்பைப் பரிசோதித்த படத்தை அவர்களுடைய மட்டக்களப்புக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், காட்டவேண்டும். அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சு எடுக்கலாம். மாசி பங்குனியில் கடல் அடங்கும். அதற்கு முன்னர் கையெழுத்துக் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் வேறு கரையில் உள்ள யார்ட்டுக்குப் போகும், கதிரவெளி இன்னொரு வருசம் காத்திருக்கவேண்டும்.

"இன்னொரு வருசமா?" என்றாள் தங்கேஸ். "என்ட மனிசன் இப்பவே ஆருட வள்ளத்திலயோ கூலிக்கு வலை இழுக்குது. அண்ணன், கோட்டக் கெதியாக் கீறுங்க."

தாயை அளக்கிற முறை இதுதான். முன்மூக்கிலிருந்து பின்தட்டுவரை நிலத்தில் ஒரு நூல் பிடிப்பேன். நூலில் சம தூரங்களில் அடையாளம். ஒவ்வொரு அடையாளத்திலும் ஒரு நிமிர்ந்த சட்டத்தை நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்த்து, சட்டத்திலிருந்து தாயின் வயிறு எவ்வளவு தூரம் என்று மேலிருந்து கீழாக அளப்பேன். முதலில் நான் விரலுக்கு விரல் அளந்து, அத்தனை புள்ளியையும் ஏற்றினேன். வளைவு விலாங்கு மாதிரி நெளிந்தது. ஐயாவிடம் போய்க் கேட்டேன். "ஓடாவி ஒரு சட்டத்த வளைக்கக்குள்ள எத்தின இடத்தில பிடிப்பான்?" என்று திருப்பிக் கேட்டார். போய்ப் பார்த்தேன். ஐந்தாறு இடந்தான். என் புள்ளிகளில் முக்கால்வாசியை அழித்தேன். விலாங்கு அடங்கியது.

பாதியை அளந்தால் போதும், மற்றப் பாதியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி மென்பொருளே போட்டுக்கொள்ளும் என்று குறுந்தட்டில் படித்திருந்தேன். என் சோம்பலுக்கு ஏற்ற படிப்பு. கொட்டிலில் தாயின் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். எந்தப் பக்கம் அளந்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு கட்டுப் போடுகிற வேலை. பாதி அகலத்தைக் கொடுத்தேன். திருப்தி வராமல் முழு அகலத்தையும் கொடுத்தேன். அதற்கு மேல் இரண்டு பக்கமும் ஒத்தது என்றும் கட்டினேன். படம் முழுக்கச் சிவந்தது. ஒரே சங்கதியை மூன்று தரம் சொன்னால் மாமியாருக்கே கோபம் வரும், மாப்பிள்ளைக்கு வராதா? ஒன்றை அழித்தேன், இன்னொன்று சிவந்தது. அதை அழித்தேன், போட் பாய் மாதிரிச் சுருண்டது. கனநாள் பட்டுத்தான் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். கண்டபடி அழிக்கக்கூடாது. நீலமாய் நிற்கிற புள்ளியை மவுசால் மெல்லப் பிடித்து இழுத்துப் பார்க்கவேண்டும். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கத்துக் கட்டுத்தான் குறை. மாட்டை ஓடவிட்டால் வேலி எங்கே பொத்தல் என்று மாடே காட்டும். இதுவும் மாமனார்தான்.

ஒருநாள் மத்தியானம் போட்டின் எல்லாக் கோடும் கறுத்தது. நான் எழுந்து நின்று மின்விசிறிக்குக் கும்பிடு போட்டேன்.

அடுத்தது மேற்பரப்புப் பரிசோதனை. அதற்கு ஒரு வரிப்படம் உண்டு. நீளமான ரியூப்லைட்டுகள் வரிசையாகத் தொங்குகிற அறைக்குள் போட்டை நிறுத்தினால் அதன்மேல் வரிவரியாக வெளிச்சம் விழுமே, அதைக் கொம்பியூட்டர் கீறிக் காட்டும். மேற்பரப்பு நல்லதென்றால் வரிகள் தலைவாரின மாதிரி ஓடும். எங்கேயாவது மேடோ பள்ளமோ இருந்தால் அந்த இடத்தில் வரி முழங்கால் மடக்கும்.

என்னுடைய போட்டில் முன்மூக்குக்குக் கிட்ட, இரண்டு பக்கமும், வரி முழங்கால் மடக்கியது.

கட்டுகளைத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு. ஒரு சிவப்பும் இல்லை. வரிகளை மெல்லிசாக்கினேன், தடிப்பாக்கினேன், படத்தைச் சுழற்றிப் பார்த்தேன், மாப்பிள்ளையைப் படுக்கப்போட்டு எழுப்பினேன். முழங்கால் மடங்கியபடியே நின்றது. அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. கோடு கறுப்பென்றால், நீ சொன்னதெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது என்றுதான் அர்த்தம். நீ சொன்னது உண்மையா என்று அது கேட்பதில்லை. ஒரு கூட்டம் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னாலும் கோடு கறுக்கும்.

நாள் நெருங்கிவிட்டதால், வெள்ளைக்காரர் ஒரு சின்ன முழங்காலைக் கவனிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் படத்தைக் கலரில் அச்சடித்துக்கொண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன். இங்கே என் கலையறிவைப் பற்றிச் சொல்லவேண்டும். கதிரவெளிப் போட்டுகளுக்கு மஞ்சள் நிறம் என்று முடிவாகியிருந்தது. வரிப்படம் வெள்ளையும் கறுப்புமாக வந்தது எனக்குச் சப்பென்று இருந்ததால், போட்டுக்கு மஞ்சள் கொடுத்தேன். மஞ்சள் உடம்பு, கறுப்பு வரிகள். பார்க்க அப்படி ஒரு அழகு.

செக்பொயின்ட்டில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். ஒரு சிப்பாய் என் சுருளை விரித்தான். படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பப் படத்தைப் பார்த்தான்.

"கொட்டி?" என்றான்.

சிங்களத்தில் புலி. எனக்கு அப்போதுதான் என் கையால் நான் என்ன கீறியிருக்கிறேன் என்பது தெரிந்தது. அந்த வருசங்களில், அந்தப் பாதையில், மஞ்சளும் கறுப்புமாய் வரி போட்ட ஒரு போட்டின் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தானாக வந்து செக்பொயின்ட்டில் நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இல்ல சேர், போட்டு. மாலு போட்டு" என்றேன். மாலு என்றால் மீன். என் சிங்களம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. மீதியைக் கையால் சொன்னேன். வலை எறிந்து காட்டினேன், மீன் இழுத்துக் காட்டினேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. வேப்பமரத்துக்குக் கீழே குந்தவைத்தார்கள். சிரித்துச் சொல்லுகிற கதையாக இது பிறகு ஆனதே தவிர, அந்த மரத்துக்குக் கீழே இருந்தபோது எனக்கு என் பிள்ளைகளின் முகந்தான் வந்தது.

கடைசியில் வயதான ஒரு சிப்பாய் வந்தார். சிலாபம் பக்கம் மீன்பிடிக் குடும்பம் என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு வரியின்மேல் விரலை வைத்து முன்மூக்கு நோக்கி மெல்ல ஓட்டினார். முழங்காலுக்கு வந்ததும் விரல் நின்றது. முகத்தைச் சுளித்தார்.

"மெதன ஹொந்த நே."

இந்த இடம் நல்லாயில்லை. படத்தைச் சுருட்டித் தந்து போகச் சொன்னார். என் வேலையை நிராகரித்த முதல் பரிசோதகர் அவர்.

இரண்டாவது பரிசோதகர் வெள்ளைக்காரர். கந்தோரில் படத்தை விரித்து, அதே இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். அடுத்த கிழமைக்குள் திருத்தி வரவேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தத்தைக் கைமாற்றுவதைத் தவிர வழியில்லை என்றார். நிறத்தைப் பற்றி அவரும் ஒன்று சொன்னார்: அழகாக இருக்கிறதாம்.

யார்ட்டுக்கு வந்து சேர்ந்ததும் தங்கேஸ் பட்டிக் கையோடு ஓடிவந்தாள். "என்ன அண்ணன், கையெழுத்து விழுந்திட்டா?"

"வட்டந்தான் விழுந்திரிக்கு."

அவள் அந்த வட்டத்தைப் பார்த்தாள். வாய் ஓயாதவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கொட்டிலுக்குத் திரும்பிப் போனாள். நான்தான் கவனிக்கவில்லை. எனக்கு என் சோகம்.

பிழை செய்த புள்ளியை ஒரு வழியாகப் பிடித்தேன். ஒவ்வொரு புள்ளியாக எடுத்துவிட்டு வரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்மூக்குக்குப் பக்கத்து வெட்டில் ஒரு புள்ளியை எடுத்ததும் வரி நேரே ஓடியது. நாடாவைத் தப்பாக வாசித்திருக்கிறேன் என்று நினைத்துத் திரும்ப அளந்தேன். அதே அளவு. சட்டத்தை மாற்றி அளந்தேன். அதே அளவு. கடைசியில் வெட்கத்தை விட்டு ஐயாவிடம் போனேன்.

"ஐயா, இந்த இடத்தில என்ன இரிக்கு?"

"பொட்டு" என்றார் ஐயா.

"என்ன பொட்டு?"

அவர் என்னைத் தாயின் நிழல் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மேற்பரப்பில் வைத்து மெல்ல நடந்தார். கை ஒரு இடத்தில் நின்றது. என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பாக்கு அளவில் ஒரு சின்ன மேடு. ஓரமெல்லாம் பக்குவமாய் உரசி, கண்ணுக்குத் தெரியாமல், கைக்கு மட்டும் தெரிகிற மாதிரி. மறுபக்கம் போய்த் தடவினேன். ஒன்றும் இல்லை. பிள்ளையின் கன்னத்தில் வைக்கிற மாதிரி, தாயின் ஒரு கன்னத்தில் மட்டும், கண் படாமல் இருக்க ஒரு கண்ணூறுப் பொட்டு. நான் அதைப் பக்தியோடு அளந்து, கண்ணாடி போட்டு இரண்டாக்கி, கட்டுக் கட்டி அசையாமல் பண்ணி, மட்டக்களப்புவரை கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"ஐயாக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது."

தங்கேஸ் பட்டிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றாள். மறைக்கிற எண்ணமே அவளிடம் இல்லை.

"நான்தான் வெச்சன். வெயில் பக்கம் வெச்சா ஆக்கள் காணுவாங்க எண்டு நிழல் பக்கம் வெச்சன். அண்ணன் வெயில் பக்கம் அளப்பார் எண்டு நினைச்சன்."

"ஏன் புள்ள, நான் என்ன வெயிலில நிக்கிற ஆளா?"

"அதையும் நினைக்காம விட்டது என்ட பிழைதான்" என்றாள். சிரிக்கவில்லை. "எங்கட முந்தின வள்ளம் புதுசு அண்ணன். பெயின்ட் அடிச்சுக் கரையில வெச்சம். கதிரவெளி முழுக்க வந்து, என்ன வடிவு, என்ன வடிவு எண்டு பார்த்துப் போச்சுது. ஒரு பொட்டு வெய்யுங்க எண்டு மாமி சொன்னா. யோகன் சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சன். மறுகா கடல் வந்திச்சு. வள்ளத்தில ஒரு பலகை கூடக் கிடைக்கல்ல. நாங்க தப்பினது பெரிய காரியம். இந்த முறையும் பொட்டில்லாம அந்த மனிசனக் கடலுக்கு விடச் சொல்லுறீங்களா?"

கடல் வந்தது பொட்டில்லாததால் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். ஐயா என்னைப் பார்த்தார். வாயை மூடினேன். பொட்டு இருந்தால் கையெழுத்து இல்லை, போட் இல்லை. பொட்டை எடுத்தால் போட் உண்டு, ஆனால் யோகன் கடலுக்குப் போய்த் திரும்பும்வரை ஒவ்வொரு நாளும் இவள் செத்துப் பிழைப்பாள். இந்த இரண்டையும் ஒத்துப்போகக் கட்ட என் மென்பொருளில் ஒரு வழியும் இல்லை.

"அந்த வட்டம் விழுந்த இடத்தக் காட்டுங்க" என்றாள் அவள். "கொம்பியூட்டரில."

செருப்பைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளையின் அறைக்குள் வந்தாள். ஐயா வழக்கம்போல வாசலுக்கு வெளியே. நான் படத்தைத் திறந்து புள்ளியைக் காட்டினேன். அவள் புள்ளியை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்த்தாள். போட்டுக்கு வெளியே, அளவெடுக்க உதவியாக நான் கீறி மறந்துவிட்ட ஒரு கோடு கிடந்தது.

"இது மட்டும் ஏன் நீலம்?"

"அது கட்டாத கோடு. போட்டோட சேராது. பிடிச்சு இழுத்தா அசையும்."

"இழுக்கட்டா?"

மவுசைக் கொடுத்தேன். பட்டி காய்ந்த விரலால் அவள் பிடித்து இழுத்தாள். கோடு ஆடியது. போட் ஆடவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள்.

"எல்லாம் கட்டி, இது ஒண்டுதான் கட்டாம இரிக்கா?"

"ஓம்."

"அப்ப இதக் கட்டாதீங்க அண்ணன். இது குறையாவே நிக்கட்டும். இதுதான் பொட்டு."

திரும்பிப் போனவள் உரசுகிற தாளைத் தண்ணீரில் தோய்த்து, நிழல் பக்கம் போய், தான் வைத்த பொட்டைத் தானே உரசி எடுத்தாள். நான் புதிதாக அளந்தேன், இந்த முறை இரண்டு பக்கமும், வெயிலிலும் நின்று. வரிகள் தலைவாரின மாதிரி ஓடின. வெள்ளையும் கறுப்புமாகவே அச்சடித்துக்கொண்டு போனேன். கையெழுத்து விழுந்தது.

கடல் அடங்குகிற நேரத்துக்கு முதல் போட் வெளியில் வந்தது. அதை லொறியில் ஏற்றியபோது, பழைய தொழில் ஞாபகம் வந்து, முன்மூக்கில் தங்கேஸின் பிள்ளைகள் இருவரின் பெயரையும் நானே எழுதிக் கொடுத்தேன். தங்கேஸ் சிரித்த முகமாக நின்று வழியனுப்பினாள். நீலக்கோட்டை நம்பிவிட்டாள் என்று எனக்குப் பெருமை. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் ஒரு கோட்டைக் கட்டாமல் விட்டேன். மாட்டுக்குக் கட்டுச் சொன்ன மாமனாருக்கு மேலே, போட்டுக்குப் பொட்டுச் சொன்னவன் நான் என்று ஒரு நினைப்பு.

யோகன் ஒரு நல்ல பருவம் தொழில் செய்தான். பிறகு அந்தப் பக்கம் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். கதிரவெளியிலிருந்து ஆளும் வரவில்லை, கதையும் வரவில்லை. ஷெல் சத்தம் மட்டும் வந்தது. தங்கேஸ் வேலைக்கு வருவாள், உரசுவாள். வாய் முழுக்க ஓய்ந்துபோனது. ஆரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் ஆரிடம் பதில் இருக்கிறது?

மாரி தொடங்கிக் கடல் கறுத்துக் கிடந்த ஒரு பகல். துறைமுகத்துக்கு வள்ளங்கள் வருகின்றன, சனங்களாம் என்று ஆரோ கத்தினார்கள். யார்ட் முழுக்க ஓடியது. அலைக்கு நடுவே, தடியில் வெள்ளைத் துணி கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சில வந்த வழியில் தண்ணீர் ஏறிப் பாதி தாழ்ந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் மஞ்சளாய் ஒன்று. நாலு பேர் தொழில் செய்யக் கட்டின போட்டில் ஒரு தெருவே ஏறியிருந்தது. அலை வந்து அடிக்கிற ஒவ்வொரு தரமும் முன்மூக்குத் தாழ்ந்து திரும்ப நிமிர்ந்தது. நான் அளந்த வெட்டுகள் ஒவ்வொன்றும் என் கண்ணுக்குள் வந்துபோயின. கும்பிட மின்விசிறி இல்லாததால் கடலைக் கும்பிட்டேன்.

யோகன் எஞ்சினைப் பிடித்தபடி நின்றான். பிள்ளைகள் இரண்டும் பாட்டியின் மடியில். தங்கேஸ் இடுப்புத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

சனம் இறங்கி, அழுகை அடங்கி, ஆரோ தேத்தண்ணி கொண்டுவந்த பிறகு, என் தொழில் புத்தி என்னை விடவில்லை. என் வரி எப்படி நிற்கிறது என்று பார்க்க முன்மூக்குப் பக்கம் குனிந்தேன். தாயில் நிழல் விழுந்த அதே பக்கம், அதே இடத்தில், தாரால் வைத்த ஒரு பெரிய கறுத்தப் பொட்டு. காய்ந்து, உப்புப் பூத்து, ஒரு பருவம் முழுக்கக் கடலில் கிடந்த பொட்டு.

"தங்கேஸ், இது எப்ப?"

ஒரு பிள்ளையை இடுப்பிலும் மற்றதைக் கையிலுமாக வந்தாள். கனநாளுக்குப் பிறகு வாய் திறந்தது.

"லொறியில ஏத்தக்குள்ள. நீங்க வெயில் பக்கம் நிண்டு பேரெழுதினீங்க, நான் மத்தப் பக்கம் நிண்டு வெச்சன். கோவிக்காதீங்க அண்ணன். உங்கட நீலக்கோடு நல்லதுதான். ஆனா கொம்பியூட்டர் கடலுக்குப் போறல்லயே."

நான் ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கும் தெரியுமா ஐயா?"

"நீ கேக்கல்லயே" என்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தபடி சட்டென்று, "நல்லது" என்றார்.

இதைத்தான் எழுதிக் கோபிகாவுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டு அன்றைக்கே டெலிபோன் எடுத்தாள்.

"அப்ப அங்கிள், அந்த நீலக்கோடு ஒரு வேலையும் செய்யல்ல."

"இல்ல மகள்."

"அது தெரிஞ்ச மறுகாவும் வேலையை விட்டுப் போகுமட்டும் ஒவ்வொரு படத்திலயும் விட்டிரிக்கீங்க. ஏன்?"

"பயந்தான் மகள்."

"எதுக்குப் பயம்? கண்ணூறுக்கா?"

"கண்ணூறுக்கில்ல. இதுதான் பொட்டு எண்டு அவ சொல்லிப்போட்டுப் போன கோடு. அதையும் சேர்த்துக் கட்டி வெச்சிரிக்கிற நேரம் பார்த்து, தங்கேஸ் ஒருநாள் செருப்பக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்திட்டா, அவக்கு நான் என்ன சொல்லுற?"